செகண்ட் ஹேண்ட் பேட்டரி ரிக்‌ஷாவுக்கு டில்லியில பேட்டரி மாத்தப் போறீங்களா, இதைப் படிச்சுட்டுப் போங்க

டில்லியில செகண்ட் ஹேண்ட்ல பேட்டரி ரிக்‌ஷா வாங்கின நம்ம ஆளுங்களுக்காக எழுதறேன். வண்டி சல்லிசா கிடைச்சிருக்கும், ஆனா கொஞ்ச நாள்லயே காலையில ஃபுல் சார்ஜ் போட்டுட்டுப் போனா மத்தியானத்துக்குள்ள நின்னுடும். என் வீட்டுக்காரர் திரிலோக்புரியிலேர்ந்து மயூர் விஹார் மெட்ரோ பக்கம் ஓட்டறார், கடைக்காரங்ககிட்ட பேசறது, பில்லு, வாரண்டி, கரென்ட் ஆபீஸ் எல்லாம் என் பொறுப்பு. பேட்டரி மாத்தற விஷயத்துல நாங்க ரொம்ப அலைஞ்சோம், ஹிந்தி சரளமா வராதவங்களுக்கு அலைச்சல் இன்னும் ஜாஸ்தி. 30,000, 40,000 ரூபாய் சம்பந்தப்பட்ட வேலை இது, நிறைய பேருக்கு இது வட்டிக்கு வாங்கின காசு, அதனால அவசரப்படாம ஒவ்வொண்ணா பாருங்க.

1. பேட்டரியைத் தொடறதுக்கு முன்னாடி பேப்பர்

வண்டி இன்னும் பழைய ஓனர் பேர்லயே இருந்தா முதல்ல அதை மாத்துங்க. ஃபார்ம் 29, ஃபார்ம் 30 ரெண்டுலயும் வித்தவர் கையெழுத்து வேணும். வண்டி மேல லோன் இருந்திருந்தா, லோன் முடிஞ்சுதுன்னு ஃபைனான்ஸ் கம்பெனி குடுக்கற என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் வேணும், அது இல்லாம பேர் மாறாது. கவர்மென்ட்டோட எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டீங்கன்னா ஃபிட்னஸ், இன்ஷூரன்ஸ் எது வரைக்கும் இருக்குன்னு தெரியும். பேர் மாறின 14 நாளுக்குள்ள இன்ஷூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுக்கணும். டில்லியில ஆர்.டி.ஓ வேலை நிறைய ஆன்லைன்லயே முடியுது, ஆனா ஆதார்ல உங்க இப்போதைய மொபைல் நம்பர் இருக்கணும், ஓ.டி.பி. அங்கதான் வரும். ஜங்புராவுல நம்ம தமிழ் ஆளுங்க இருந்த மெட்ராசி கேம்ப் குடிசைப் பகுதியிலேர்ந்து நரேலாவுக்குப் போனவங்க ஆதார்ல புது அட்ரஸ் மாத்தியாச்சான்னு முதல்ல பாத்துக்கோங்க, பழைய ஜங்புரா அட்ரஸோட போனா ஒவ்வொரு இடத்துலயும் இழுக்கும்.

இதோட ஒரு முக்கியமான விஷயம். வித்தவர்கிட்ட பேட்டரியோட பில்லு, வாரண்டி கார்டு ரெண்டையும் கேளுங்க. வண்டியில 12 வோல்ட் பேட்டரி நாலு சேந்துதான் ஒரு செட், சில சமயம் அந்த நாலுல ஒண்ணு ரெண்டுக்கு வாரண்டி மிச்சம் இருக்கும், அது காசு மாதிரியே. வண்டியில லித்தியம் பேட்டரி இருந்தா இன்னும் ஜாக்கிரதை, ஏன்னா லித்தியம் பேட்டரியை வாடகைக்கும் தவணைக்கும் குடுக்கற கம்பெனிங்க இருக்கு, பேட்டரி கம்பெனிக்குச் சொந்தம், வண்டி மட்டும்தான் ஓட்டறவருக்குச் சொந்தம். அந்த பேட்டரிக்குள்ள சிம் வெச்சிருப்பாங்க, தவணை கட்டலைன்னா உக்காந்த இடத்துலேர்ந்தே ஆஃப் பண்ணிடுவாங்க. வித்தவர் பேர்ல முழுப் பணமும் கட்டின பில் காட்டலைன்னா அந்த பேட்டரிக்குன்னு ஒரு ரூபாய்கூட சேத்துக் குடுக்காதீங்க.

2. பிரச்சனை நிஜமாவே பேட்டரியிலதானா

வண்டி ஓடலைன்னாலே "பேட்டரி கதம்", அதாவது முடிஞ்சுதுன்னு சொல்லிடுவாங்க. மெக்கானிக்குக்கு கடைக்காரர்கிட்ட கமிஷன் உண்டு, அதனால நீங்களே ஒரு தடவை பாருங்க. வோல்ட் அளக்கற மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க, செங்கோட்டைக்கு எதிர்ல லஜ்பத் ராய் மார்க்கெட்ல 300, 400 ரூபாய்க்கு நல்லதே கிடைக்கும், வண்டி வெச்சிருக்கற வரைக்கும் உதவும்.

முதல்ல வண்டியைத் தூக்கி நிறுத்தி பின் சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க, பிரேக் டிரம்ல உரசிட்டு இறுக்கமா சுத்தினா அதுவே பாதி சார்ஜைத் தின்னுடும். டயர்ல காத்து கம்மியா இருந்தாலும் அதே கதைதான். அடுத்தது சார்ஜர். ராத்திரி முழுக்க போட்டு வெச்சுட்டு சார்ஜ் முடியற நேரத்துல நாலு பேட்டரிக்கும் சேத்து வோல்ட் பாருங்க, லெட் ஆசிட் (ஈயமும் ஆசிட்டும் இருக்கற சாதா பேட்டரி) செட்னா 57, 58 வோல்ட் பக்கம் வந்திருக்கணும். 54 தாண்டவே மாட்டேங்குதுன்னா சார்ஜர் மேலயும் சந்தேகப்படுங்க, வேற ஒருத்தரோட சார்ஜரை ஒரு ராத்திரி கடன் வாங்கிப் போட்டுப் பாத்தா தெரிஞ்சுடும். கெட்டுப்போன சார்ஜரை வெச்சுக்கிட்டு புது பேட்டரி போட்டா அந்தப் புதுசும் சில மாசத்துல போயிடும், இது நிறைய பேருக்கு நடக்குது.

அப்பறம் பேட்டரி. ஃபுல் சார்ஜ் ஏத்தி, சார்ஜரைக் கழட்டி, ரெண்டு மூணு மணி நேரம் சும்மா விட்டுட்டு ஒவ்வொண்ணையும் தனித்தனியா அளங்க. நல்ல பேட்டரி 12.6, 12.7 காட்டும். 12.4-க்கு கீழ இருக்கறதைக் குறிச்சு வெச்சுக்கோங்க. ஆனா சும்மா நிக்கற வண்டியில அளக்கறது பாதி டெஸ்ட்தான். பேட்டரி இல்லாத சீட்ல ஆளுங்களை உக்கார வெச்சு, ஏதாவது மேடான எடத்துல வண்டியை ஏத்தச் சொல்லி, பேட்டரி இருக்கற சீட்டைத் தூக்கிட்டு ஒருத்தர் மீட்டரைப் புடிச்சுக்கிட்டே ஒவ்வொரு பேட்டரியா பாக்கணும். எங்க வண்டியில மூணு பேட்டரி 11.8, 11.9னு நின்னுச்சு, ஓட்டறவர் பக்கம் இருந்த ஒண்ணு மட்டும் ஆக்சிலேட்டரைத் திருகின உடனே சரசரன்னு எறங்கி 9-க்கு வந்துடுச்சு, கையை விட்டதும் திரும்ப 12-க்கு ஏறிடுச்சு. நின்னுட்டு இருக்கறப்போ பாத்திருந்தா அது நல்ல பேட்டரின்னுதான் சொல்லியிருப்பாங்க. லோடுல, அதாவது இப்படி ஆள் ஏத்தி ஓட்டறப்போ, 10.5-க்கு கீழ போற பேட்டரிதான் வண்டியை நிறுத்தறது.

தண்ணி ஊத்தற டைப்பா இருந்தா மூடியைத் திறந்தும் பாருங்க. ஒரு பேட்டரியில ஆறு ஓட்டை இருக்கும், சார்ஜ் முடியற நேரத்துல ஆறுலயும் சின்னச் சின்னதா நுரை பொங்கணும். அஞ்சுல பொங்கி ஒண்ணு மட்டும் அமைதியா கிடந்தா அந்த செல் செத்துப் போச்சு. ஆசிட்டோட அடர்த்தியை அளக்கற ஹைட்ரோமீட்டர் இருந்தா அதுலயும் தெரியும், ஃபுல் சார்ஜ்ல 1250-க்கு மேல இருக்கணும், செத்த செல் 1100, 1150னு காட்டும்.

3. ஒண்ணு மட்டும் மாத்தலாமா, நாலும் மாத்தணுமா

செட் வாங்கி ஆறு மாசம் கூட ஆகலை, மத்த மூணும் லோடுல நல்லா நிக்குதுன்னா ஒண்ணை மட்டும் மாத்தலாம், அதுவும் அதே கம்பெனி, அதே ஏ.ஹெச். (எவ்வளவு சார்ஜ் புடிக்கும்ங்கற அளவு) மாடல். ஒரு வருஷம் ஓடின செட்ல ஒரே ஒரு புதுசைப் போடாதீங்க. இந்த நாலும் வரிசையா கோத்திருக்கு, நாலு பேர் கைகோத்து நடக்கறப்போ ஒருத்தர் நொண்டினா எல்லாரும் அவர் வேகத்துலதான் போகணும், அதேதான் இங்கயும். பழசு சீக்கிரம் காலியாயிடும், புதுசுல இன்னும் சார்ஜ் இருந்தாலும் வண்டி நின்னுடும். சார்ஜ் போடறப்போ சார்ஜருக்கு நாலும் சேந்த வோல்ட்தான் தெரியும், எது பழசு எது புதுசுன்னு அதுக்குத் தெரியாது, அதனால ஒண்ணு கொதிக்கும் இன்னொண்ணு அரைகுறையா நிக்கும். கொஞ்ச நாள்ல புதுசும் பழசாயிடும்.

காசு இல்லைன்னா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அதே வயசுல இருக்கற நல்ல பழைய பேட்டரி ஒண்ணை லோடுல டெஸ்ட் பண்ணி வாங்கிப் போட்டு ரெண்டு மாசம் ஓட்டுங்க, அதுக்குள்ள செட்டுக்கு சேத்துடலாம். ஆனா "ரீகண்டிஷன்"னு சொல்லி பாதி விலைக்கு மொத்த செட்டா விக்கறாங்களே, அதுல கை வைக்காதீங்க. பழைய பேட்டரியில ஆசிட் மாத்தி, மேல துடைச்சு, புது ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருப்பாங்க. டெர்மினல்ல ஸ்பேனர் கீறல் இருக்கான்னு பாருங்க, ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால தூக்கிப் பாருங்க, உள்ள இன்னொரு ஸ்டிக்கர் தெரியும்.

4. லெட் ஆசிடா லித்தியமா

நிறைய பேர் இப்போ லித்தியம்னு சொல்றாங்க. லெட் ஆசிட் நாலுக்கு 30,000-லேர்ந்து 45,000 வரைக்கும் கேக்கறாங்க, லித்தியம் பேக் 100 ஏ.ஹெச். பக்கம்னா 60,000-க்கு மேல போகும். லித்தியம் எடை கம்மி, தண்ணி ஊத்த வேண்டாம், மூணு நாலு மணி நேரத்துல சார்ஜ் ஆகும், பல வருஷம் உழைக்கும், எல்லாம் நிஜம்தான். ஆனா செகண்ட் ஹேண்ட் வண்டியில மாத்தறப்போ மூணு விஷயம் பாக்கணும். ஒண்ணு, பழைய சார்ஜரை அதுல போடவே கூடாது, லித்தியத்துக்குன்னு தனி சார்ஜர் வேணும், அந்தக் காசையும் சேத்துக் கணக்குப் போடுங்க. ரெண்டு, ஆர்.சி.யில பதிஞ்சிருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுல கட்டுப்பாடு இருக்கு. லெட் ஆசிட்டுக்குன்னு அனுமதி வாங்கின மாடல்ல லித்தியம் போட்டா ஃபிட்னஸ்லயோ இன்ஷூரன்ஸ் கிளைம்லயோ மாட்டலாம், அதனால வண்டிக் கம்பெனி டீலர்கிட்ட இந்த மாடல்ல லித்தியத்துக்கு அனுமதி இருக்கான்னு எழுத்துல வாங்குங்க. மூணு, கடைக்காரர் தானே செல் அடுக்கி டப்பாவுல போட்டுக் குடுக்கற பேக்கை வாங்காதீங்க, உள்ள செல்லுங்களைக் கண்காணிக்கற பி.எம்.எஸ். சர்க்யூட் மட்டமா இருந்தா தீப்பிடிக்கற ஆபத்து இருக்கு, நம்ம வீடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டின வீடு.

வண்டி இன்னும் ரெண்டு வருஷம் ஓடுமான்னே தெரியலைன்னா லெட் ஆசிட்லயே இருங்க. பாடி நல்லா இருக்கு, தினம் ரெண்டு ஷிஃப்ட் ஓட்டறீங்கன்னா லித்தியம் யோசிக்கலாம். கீழ சொல்லப் போறது எல்லாம் லெட் ஆசிட்டுக்கு.

5. எங்க வாங்கறது

ஜண்டேவாலான், காஷ்மீரி கேட் மார்க்கெட் பக்கம் விலை கம்மியா இருக்கும்னு சொல்லுவாங்க, செட்டுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் வித்தியாசம் இருக்கலாம். ஆனா நான் சொல்றது, உங்க ஏரியாவுலயே கம்பெனி டீலர்ஷிப் போர்டு போட்ட கடையா பாத்து வாங்குங்க. வாரண்டிக்குள்ள ஒரு பேட்டரி போச்சுன்னா அதைத் தூக்கிட்டு எங்க போவீங்க? ஒரு பேட்டரி 25 கிலோவுக்கு மேல. வண்டியும் ஓடாது, இன்னொரு வண்டிக்கு வாடகை குடுத்துத்தான் கொண்டு போகணும், அன்னிக்கு வருமானமும் போச்சு. ரெண்டு தடவை அப்படி அலைஞ்சா மிச்சம் புடிச்ச ஆயிரம் கரைஞ்சுடும். மார்க்கெட்டுக்கு ஒரு தடவை விலை விசாரிக்க மட்டும் போயிட்டு வாங்க, அந்த விலையைச் சொல்லி ஏரியா கடையில பேரம் பேசுங்க. காஷ்மீரி கேட் ஞாயித்துக்கிழமை மூடியிருக்கும், சாதா நாள்ல காலையில கூட்டம் கம்மியா இருக்கறப்போ போனா நின்னு பேசுவாங்க.

விலை கேக்கறப்போ ஏ.ஹெச். மட்டும் பாத்து ஏமாறாதீங்க. ஸ்டிக்கர்ல 150ன்னு பெருசா போட்டிருப்பாங்க, தூக்கிப் பாத்தா 120 போட்ட கம்பெனி பேட்டரியை விட எடை கம்மியா இருக்கும். ஈயம் எவ்வளவோ அவ்வளவுதான் உழைக்கும், அதனால எடையைக் கேளுங்க, கம்பெனி பட்டியல்ல எடை போட்டிருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்க. எக்ஸைட், அமரான், லிவ்கார்ட், ஈஸ்ட்மேன் மாதிரி சர்வீஸ் சென்டர் இருக்கற கம்பெனியா எடுங்க, எதுன்னு உங்க ஸ்டாண்டுல ஓட்டறவங்களைக் கேட்டா எந்தக் கடை வாரண்டி ஒழுங்கா குடுக்குதுன்னும் சேத்தே சொல்லுவாங்க.

6. பழைய பேட்டரியை எடை போட்டு வில்லுங்க

இங்கதான் நிறைய பேர் காசு விடறாங்க. கடைக்காரர் "பழசைக் குடுத்துட்டு இவ்வளவு குடுங்க"ன்னு ஒரே தொகையா சொல்லுவார். அப்படிப் பேசவே பேசாதீங்க. புதுசு என்ன விலை, பழசுக்கு கிலோ என்ன ரேட்டு, மாட்டற கூலி என்ன, கேபிள் என்ன, தனித்தனியா சொல்லச் சொல்லி ஒரு பேப்பர்ல எழுதச் சொல்லுங்க. உதாரணத்துக்கு பழசு ஒண்ணு 28 கிலோன்னு வெச்சுக்கோங்க, நாலும் சேத்து 112 கிலோ, கிலோ 85 ரூபாய்னு போட்டா 9,520 ரூபாய் வரும். அதையே "ஒண்ணுக்கு 1,500 தரேன்"னு சொன்னா 6,000தான் வரும், 3,500 ரூபாய் சத்தமில்லாம போயிடும். ரேட்டு ஈயத்தோட விலையைப் பொறுத்து மாறும், அதனால போறதுக்கு முன்னாடி ரெண்டு கடையில கேட்டுக்கோங்க, எடையைக் கண் முன்னாடி போடச் சொல்லுங்க.

எடை கம்மி பண்ணறதுக்காக ஆசிட்டைக் கீழ ஊத்தச் சொல்லுவாங்க, ஊத்தாதீங்க, ஊத்தவும் விடாதீங்க. நம்ம சந்துல குழந்தைங்க வெறுங்காலோட ஓடுது, அந்தத் தண்ணியில ஈயமும் கலந்திருக்கும். பழைய பேட்டரியை குப்பையோட போடாம சேகரிக்கற இடத்துல, இல்ல விக்கற இடத்துல திருப்பிக் குடுக்கணும்னு 2022-ல வந்த பேட்டரி கழிவு விதியிலயே இருக்கு. பழசை டீலர்கிட்டயே குடுக்கறதுதான் நல்லது, பழைய சாமான் வாங்கற கபாடிக்காரர் ரெண்டு ரூபாய் அதிகம் குடுத்தாலும் அது எங்க போய் உடைபடும்னு தெரியாது.

7. பில்லு

ஜி.எஸ்.டி. இல்லாம துண்டுச் சீட்டுல எழுதற கச்சா பில் வேண்டவே வேண்டாம். "ஜி.எஸ்.டி. போடாம பண்ணா இவ்வளவு குறையும்"னு கட்டாயம் சொல்லுவாங்க. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து இந்த பேட்டரிக்கு ஜி.எஸ்.டி. 28-லேர்ந்து 18 பர்சென்டா குறைஞ்சிருக்கு, இன்னும் 28ன்னு சொல்லி யாராவது கணக்குப் போட்டா ஒத்துக்காதீங்க. பக்கா பில் இல்லைன்னா வாரண்டி இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

பில்லுல இருக்க வேண்டியது: உங்க பேர், வண்டி நம்பர், தேதி, கடையோட ஜி.எஸ்.டி. நம்பர், மாடல், நாலு பேட்டரியோட சீரியல் நம்பரும். கடைசியா சொன்னதைத்தான் எழுத மாட்டாங்க, "கார்டுல இருக்கு போதும்"பாங்க. எங்களுக்கு வாரண்டிக்குள்ளயே ஒரு பேட்டரி உக்காந்துடுச்சு, எடுத்துட்டுப் போனா அந்தக் கடைக்காரர் பில்லைப் புரட்டிப் பாத்துட்டு "இதுல சீரியல் இல்லையே, இது நான் குடுத்த பேட்டரின்னு என்ன அத்தாட்சி"ன்னு கேட்டார். மாட்டறப்போ நாலையும் நம்பர் தெரியற மாதிரி, கடை போர்டும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வெச்சிருந்தேன், அதைக் காட்டின அப்பறம்தான் வாயைத் திறக்காம எடுத்துக்கிட்டார். அதனால பில்லுல எழுத வையுங்க, போட்டோவும் எடுங்க, ரெண்டும் வேணும். காசை யு.பி.ஐ.ல கடை அக்கவுன்ட்டுக்கே அனுப்புங்க, வேலை பாக்கற பையன் நம்பருக்கு அனுப்பாதீங்க.

தவணையில எடுத்தீங்கன்னா மாசத் தவணையைப் பாக்காம மொத்தம் எவ்வளவு கட்டறோம்னு கேளுங்க, ஃபைல் சார்ஜ், இன்ஷூரன்ஸ்னு சேத்துடுவாங்க. வாரண்டி முடிஞ்ச அப்பறமும் தவணை ஓடற மாதிரி மட்டும் எடுக்காதீங்க.

8. புதுசை வாங்கறதுக்கு முன்னாடி கடையிலயே பாக்க வேண்டியது

தயாரிச்ச மாசம் எதுன்னு கேட்டு பேட்டரி மேல இருக்கற தேதி கோட் நம்பரைக் காட்டச் சொல்லுங்க. மூணு மாசத்துக்கு மேல கடையில கிடந்த சரக்கை வாங்காதீங்க, சும்மா கிடந்தாலே சார்ஜ் எறங்கிட்டே போகும், டில்லி வெயில்ல குடோன்ல கிடந்தா இன்னும் வேகமா எறங்கும். நாலும் ஒரே மாச சரக்கா இருக்கணும். மீட்டரை வெச்சு நாலையும் அளங்க, 12.4-க்கு கீழ இருந்தா வேற எடுத்துட்டு வரச் சொல்லுங்க, நாலுக்கும் நடுவுல 0.1-க்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. பக்கவாட்டுல உப்பல், மூலையில வெடிப்பு, டெர்மினல்ல ஆசிட் ஈரம் இருக்கான்னு கையால தடவாம கண்ணால பாருங்க.

9. மாட்டறது

மெக்கானிக்கே மாட்டுவார், ஒரு மணி ரெண்டு மணி நேர வேலை. நீங்க பக்கத்துலயே நில்லுங்க. கவனிக்க வேண்டியது:

மாட்டறவர் மோதிரம், காப்பு, வாட்ச் கழட்டியிருக்கணும். மெயின் எம்.சி.பி. சுவிட்ச் ஆஃப்ல இருக்கணும். கழட்டறப்போ மைனஸ் முதல்ல, மாட்டறப்போ மைனஸ் கடைசியில. ஸ்பேனர் கைப்பிடியில டேப் சுத்தியிருக்கணும், ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல ஸ்பேனர் விழுந்தா அங்கயே ஒட்டிக்கிட்டு சிவந்துடும், பேட்டரி வெடிக்கக்கூட வெடிக்கும். பழைய கேபிள் லக்குல (டெர்மினல்ல மாட்டற முனையில) பச்சையும் வெள்ளையுமா பூத்திருந்தா அதை மாத்திடுங்க, 300, 400 ரூபாய்க்குப் பாக்காதீங்க, லூஸான லக் சூடாகி டெர்மினலையே உருக்கிடும், அப்போ வாரண்டியும் குடுக்க மாட்டாங்க. வெச்சே ஆகணும்னா சமையல் சோடா கலந்த சுடுதண்ணியில கழுவி, நல்லா காய வெச்சு மாட்டுங்க. மாட்டின அப்பறம் டெர்மினல் மேல வாசலின் தடவுங்க.

நாலையும் கோத்த அப்பறம், வண்டியோட கேபிளைச் சேக்கறதுக்கு முன்னாடி கடைசி ரெண்டு முனையில மீட்டரை வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. 50 வோல்ட் பக்கம் வரணும், மைனஸ் குறி வரக் கூடாது. 25 காட்டினா நடுவுல ஒண்ணு திரும்பி உக்காந்திருக்கு. இதைப் பாக்காம சேத்தா மோட்டாரை இயக்கற கன்ட்ரோலர் ஒரு நொடியில போயிடும், அது ரெண்டாயிரம் மூவாயிரம். அடியில ரப்பர் ஷீட், மேல இறுக்கமா கிளாம்ப், டில்லி ரோட்டுக் குழியில பேட்டரி குதிச்சா உள்ள பிளேட் உதிரும்.

10. முதல் சார்ஜும் தினப்படி சார்ஜும்

மாட்டின உடனே சவாரிக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, எட்டு பத்து மணி நேரம் ஃபுல் சார்ஜ் போட்டுட்டு மறுநாள் எடுங்க. அதனால சாயங்காலத்துக்குள்ள மாட்டி முடிக்கற மாதிரி காலையிலயே கடைக்குப் போயிடுங்க. முதல் ரெண்டு வாரம் முழுசா எறக்காம, முள்ளு பாதிக்குக் கீழ வந்தா சார்ஜ் போட்டுடுங்க.

தண்ணி டிஸ்டில்ட் வாட்டர்தான். ஆர்.ஓ. தண்ணி, ஏ.சி.யிலேர்ந்து சொட்டற தண்ணி எதுவும் வேண்டாம். சார்ஜ் முடிஞ்ச அப்பறம் பிளேட்டுக்கு மேல ஒரு விரல் அகலம் நிக்கற அளவுக்கு ஊத்துங்க. பிளேட் வெளிய தெரியுதுன்னா மட்டும் சார்ஜுக்கு முன்னாடி மூழ்கற அளவுக்குக் கொஞ்சம் ஊத்துங்க. மே, ஜூன்ல வாரா வாரம் பாக்கணும், குளிர்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். குளிர்காலத்துல ஓட்டம் குறையும், அதை வெச்சு பேட்டரி போச்சுன்னு பயப்படாதீங்க. ஆசிட் மட்டும் எப்பவும் ஊத்தக் கூடாது. தண்ணி காஞ்சு போன பேட்டரின்னு தெரிஞ்சா வாரண்டி கிடையாது.

சார்ஜ் செலவுக்கு ஒரு கணக்கு சொல்றேன். 48 வோல்ட், 120 ஏ.ஹெச். செட்டை முக்காலுக்கு மேல காலி பண்ணி திரும்ப ஏத்த 6-லேர்ந்து 8 யூனிட் ஆகும். காசுக்கு சார்ஜ் போட விடற சார்ஜிங் அட்டாவுல ஒரு ராத்திரிக்கு 100, 150 கேக்கறாங்க. டில்லியில வண்டி சார்ஜ் பண்ண தனி மீட்டர் எடுத்தா அடிப்படை ரேட்டு யூனிட்டுக்கு 4.50 ரூபாய், அதுக்கு மேல சர்சார்ஜ் எல்லாம் சேத்தாலும் ஒரு ராத்திரிக்கு 50 ரூபாய் தாண்டறது கஷ்டம். கிழக்கு டில்லின்னா பி.எஸ்.இ.எஸ். யமுனா, தெற்கும் மேற்கும் பி.எஸ்.இ.எஸ். ராஜ்தானி, நரேலா பக்கம் டாட்டா பவர், அவங்க ஆபீஸ்ல ஈ.வி. கனெக்‌ஷன்னு கேளுங்க, அடையாள அட்டையும் வீட்டு அட்ரஸ் ப்ரூஃபும் எடுத்துட்டுப் போங்க, வாடகை வீடுன்னா வீட்டுக்காரரோட சம்மதக் கடிதமும் தேவைப்படும். வீட்டு மீட்டர்லயே போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க, மாசம் 160, 200 யூனிட் கூடும், 200 யூனிட்டுக்குள்ள இருந்து பில்லே வராம இருந்த வீட்டுக்கு பில் வர ஆரம்பிச்சுடும். கம்பத்துலேர்ந்து கொக்கி போடறவங்க பக்கம் போகவே போகாதீங்க, திருட்டுக் கரென்ட் கேஸ்ல அபராதம் ரொம்பப் பெருசு, அதை விட மழை நாள்ல உயிருக்கே ஆபத்து.

படுக்கற ரூம்ல சார்ஜ் போடாதீங்க. சார்ஜ் ஆகறப்போ ஹைட்ரஜன் வரும், பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது, சீட்டைத் திறந்து வெச்சுப் போடுங்க.

11. வாரண்டிக்குப் போறப்போ

இந்த பேட்டரிக்கு வாரண்டி பெரும்பாலும் ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம், மாடலைப் பொறுத்து கொஞ்சம் முன்னப் பின்ன. கார்டுல கடை சீல், தேதி இருக்கணும், கம்பெனி ஆன்லைன்ல பதியச் சொன்னா அன்னிக்கே பதிஞ்சுடுங்க. பேட்டரி படுத்தா டெஸ்டுக்கு எடுத்துக்குவாங்க, சில நாள் ஆகும், அது வரைக்கும் ஓட்ட ஸ்டாண்ட்பை பேட்டரி ஒண்ணு குடுங்கன்னு கேளுங்க, கேட்டா நிறைய டீலர் குடுக்கறாங்க, கேக்கலைன்னா யாரும் சொல்ல மாட்டாங்க. பேட்டரியைக் குடுக்கறப்போ சீரியல் நம்பர், தேதி போட்ட ரசீது வாங்காம கையை விட்டு விடாதீங்க. மாத்திக் குடுக்கற பேட்டரிக்குப் பொதுவா புதுசா வாரண்டி ஆரம்பிக்காது, பழசுல மிச்சம் இருக்கறதுதான்.

நியாயமான காரணம் இல்லாம இழுத்தடிச்சா 1915-க்கு போன் பண்ணுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம். "இது கமர்ஷியல் வண்டி, உங்களுக்கு கன்ஸ்யூமர் கோர்ட் கிடையாது"ன்னு மிரட்டுவாங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, தானே உழைச்சுப் பிழைக்கறதுக்காக மட்டும் வாங்கின பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாதுன்னு தெளிவா இருக்கு. நீங்களே ஓட்டறீங்கன்னா நீங்க நுகர்வோர்தான். அதுக்காகவும்தான் பில் உங்க பேர்ல, வண்டி உங்க பேர்ல இருக்கணும்னு மேல சொன்னேன்.

12. திருட்டு

புது செட் போட்ட வண்டியை ராத்திரி வெளிய நிறுத்தறவங்க சீட்டுக்கு அடியில இரும்பு கிரில் வெல்டிங் பண்ணி பூட்டு போட்டுடுங்க, ஆயிரம் ஆயிரத்தைநூறு ஆகும். நாலு பேட்டரி மேலயும் வண்டி நம்பரை பெயின்ட்ல எழுதுங்க, சீரியல் நம்பர் இருக்கற எடத்துல மட்டும் பெயின்ட் படக் கூடாது. திருடு போச்சுன்னா டில்லி போலீஸ் வெப்சைட்லயே ஈ-எஃப்.ஐ.ஆர். போடலாம், அதுல சீரியல் நம்பர் போட்டுடுங்க, அதனால பில்லோட போட்டோவை உங்க போன்ல மட்டும் வெச்சுக்காம வீட்டுல இன்னொருத்தர் போனுக்கும் அனுப்பி வெச்சுடுங்க.